முத்திரை ஒழிகிறது, சாட்சி யாரிடம்?

ஐரோப்பாவின் எல்லைச் சாவடிகளில் பாஸ்போர்ட்டின் மீது இதுகாறும் குத்தப்பட்டு வந்த முத்திரையை ஒரு முறையேனும் நிதானமாக உற்றுப் பார்த்தவர்களுக்கு, தீப்பெட்டியின் மேலட்டை அளவே உள்ள அந்தச் சிறு கட்டத்துக்குள் எவ்வளவு விஷயத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்பது ஆச்சரியமாகவே இருக்கும். இடது மூலையில், நட்சத்திர வளையத்துக்குள், முத்திரை குத்திய நாட்டைக் குறிக்கும் எழுத்து, வலது மூலையில், பிரயாணி வந்தது விமானத்திலா, கப்பலிலா, ரயிலிலா, காரிலா என்று தெரிவிக்கும் சிறு சித்திரம், நடுவில் தேதி, கட்டத்துக்குள் புகும் அம்பு, அல்லது கட்டத்தை விட்டு வெளியேறும் அம்பு, சாவடியின் பெயர், போலி முத்திரை செய்பவர்களை ஏமாற்றுவதற்காக மாதத்துக்கு ஒரு தடவையேனும் மாற்றியாக வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டிருக்கும் சில இலக்கங்கள். பிரவேச முத்திரையின் மூலைகள் கூர்மையாக இருக்கும்; வெளியேறும் முத்திரையின் மூலைகள் வளைந்திருக்கும்; ஆகையால் அந்நிய பாஷை ஒன்றும் அறியாத உத்தியோகஸ்தர்கூட, புத்தகத்தைப் பிரித்த மாத்திரத்தில், இவர் உள்ளே வந்தவரா, வெளியே போனவரா என்பதைக் கண்டுகொள்ளலாம்.

அந்த முத்திரைக்குத்தான் இப்போது முடிவு கட்டப்பட்டிருக்கிறது. 2025 அக்டோபர் 12-ஆம் தேதி ஐரோப்பிய யூனியன் தொடங்கிய புதிய பதிவு முறை, ஆறு மாத காலத்தில் சாவடி சாவடியாகப் பரவி, 2026 ஏப்ரல் 10-ஆம் தேதியோடு ஷெங்கன் ஒப்பந்தத்தின் கீழ் உள்ள 29 நாடுகளிலும் முத்திரையின் ஸ்தானத்தைத் தான் எடுத்துக்கொள்ளும்படி வகுக்கப்பட்டது. குறுகிய காலம் தங்குவதற்காக வரும் அந்நிய தேசத்தார் முதல் முறை எல்லையைக் கடக்கும்போது அவருடைய முகம் படம் பிடிக்கப்படுகிறது. நான்கு விரல்களின் ரேகை வாங்கப்படுகிறது. பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு ரேகையிலிருந்து விலக்கு. அதன் பிறகு அவர் போர்ச்சுகல் வழியாக நுழைந்து பின்லாந்து வழியாக வெளியேறினாலும், நாளும் வேளையும் இடமும் ஒரே பேரேட்டில் ஏறிவிடுகின்றன. கடைசியாக வெளியேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளும், வெளியேறிய தடயமே அகப்படாதவர் விஷயத்தில் ஐந்து ஆண்டுகளும் அந்தப் பதிவு காக்கப்படுகிறது. எந்த 180 நாள் காலத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. மங்கிப்போன மையையும் ஒன்றின் மீது ஒன்றாக விழுந்த தேதிகளையும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, விரல்விட்டு எண்ணி உத்தியோகஸ்தர் இதுவரை நிறைவேற்றி வந்த அந்தக் கணக்கை இயந்திரம் இனிக் கணப்பொழுதில் போட்டுவிடும்.

இதில் குறை காண என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பக்கத்தில் நியாயம் நிறையவே உண்டு. ரப்பர் முத்திரையைப் போலியாகச் செய்வது பெரிய வித்தை அல்ல, மை அழியும், தேதிச் சக்கரத்தைத் திருப்ப மறந்த உத்தியோகஸ்தர் நேற்றைய தேதியைக் குத்திவிடுவதும் உண்டு, அவசரத்தில் அரை முத்திரை மாத்திரம் விழுந்து, வருஷம் தெரியாமல் போவதும் உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், முத்திரைக்கு இருந்த ஒரு குணத்தைப் பற்றி அதன் மரண வேளையிலாவது பேசியாக வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு ராஜாங்கம் ஒரு மனிதனைப் பற்றி எழுதி வைத்துக்கொள்ளும் எத்தனையோ குறிப்புகளில், எழுதிய அந்த நிமிஷத்திலேயே அந்த மனிதனிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டு, அவனுடைய சட்டைப் பையிலேயே அவனோடு ஊர் திரும்பி, பத்து வருஷம் கழித்தும் யாரையும் கெஞ்சாமல் எடுத்துக் காட்டும்படி அவன் வசத்திலேயே இருந்துவந்த குறிப்பு இது. புதிய ஏற்பாட்டில் பதிவு துல்லியமாகிறது, சந்தேகமில்லை; ஆனால் பிரயாணியின் பிரதி மறைந்துபோகிறது.

முத்திரை குத்தும் சம்பிரதாயம் அப்படியொன்றும் புராதனமானது அல்ல. அரசர்கள் தூதர்களுக்கும் வர்த்தகர்களுக்கும் வழிச்சீட்டு வழங்கியது பழைய வழக்கந்தான். ஆயினும் சாமானியப் பிரயாணி ஒவ்வொருவரையும் எல்லையில் நிறுத்தி, புத்தகத்தைப் பிரித்து, தேதி குத்தி அனுப்பும் வழக்கம் வேரூன்றியது முதல் உலக யுத்தத்தினால்தான். 1914-க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே ரயிலேறி நாடு விட்டு நாடு போய்வரலாம். ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக், அந்த யுத்தத்துக்கு முன்னால் தாம் பாஸ்போர்ட் இல்லாமலே இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்ததைப் பின்னாளில் சொன்னபோது இளைஞர்கள் திகைத்துப் போனதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். ஒற்றர்களுக்கு அஞ்சி யுத்த காலத்தில் விதித்த கட்டுப்பாடு யுத்தம் ஓய்ந்த பின்னும் ஓயவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் ஒரு மாநாடு கூடியது. பாஸ்போர்ட்டுகள், சுங்கச் சடங்குகள், நாடு விட்டு நாடு செல்லும் நேர் டிக்கெட்டுகள் ஆகிய மூன்றும் அதன் விஷயங்கள். பழைய சுதந்திரம் உடனே திரும்புவதற்கில்லை என்பதைக் கூடியிருந்தவர்கள் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டு, அது திரும்பும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடாக, சகல தேசங்களுக்கும் பொதுவான ஒரு புத்தகத்துக்கு இலக்கணம் வகுத்தார்கள்: 32 பக்கம், 15.5 சென்டிமீட்டர் நீளம், 10.5 சென்டிமீட்டர் அகலம். அதே 1920-இல் இந்தியாவிலும் பாஸ்போர்ட்டோடு பிரவேசிப்பது பற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வரும் வரையில், நூறு வயதைத் தாண்டி அது உயிரோடு இருந்தது. சர்க்கார்கள் இடைக்காலம் என்று சொல்லுகிற காலம் எப்போதும் சற்று நீளமானது.

இந்தச் சரித்திரத்தின் கூர்மையான அத்தியாயம் ஒன்று நமக்கு மிக அருகிலேயே, பாக் நீரிணையிலேயே எழுதப்பட்டது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறுகிறவர் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கிக்கொள்ள முடிந்தது. பாரிஸில் ஆறு வருஷம் கழித்து விவாதிக்கப்பட்ட நேர் டிக்கெட் இங்கே அதற்குள் புழக்கத்துக்கே வந்துவிட்டது. இரு கரையும் பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தபடியால், கடலைக் கடப்பவரின் மூட்டையைச் சுங்கத்தார் பார்த்தார்கள், உடம்பை டாக்டர் பார்த்தார். அவர் எந்த நாட்டுப் பிரஜை என்று பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் நேரவில்லை. கங்காணிகளின் பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன லட்சக்கணக்கான தொழிலாளரோ, பாஸ்போர்ட் என்ற வஸ்துவைக் கண்ணால் கண்டதில்லை. மண்டபம் முகாமில் காலராவுக்கும் அம்மைக்கும் பயந்து அவர்களைச் சில நாள் நிறுத்திவைத்துப் பிறகு கப்பலேற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஒரு முறைப்படி, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய தகர வில்லை ஒன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்டது. அதுவே அவனுக்கு ரயில் சீட்டு, அதுவே அடையாளம். ஆளைக் கொண்டுபோய் எந்தத் தோட்டத்தில் சேர்ப்பிப்பது, செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்காகப் பிறந்த அந்த வில்லை, அவன் எந்த நாளில் வந்தான், எந்த நாளில் போனான் என்பதற்கு அவன் பக்கம் நின்று பேசும் அத்தாட்சியாக ஒருநாளும் உத்தேசிக்கப்படவில்லை.

அந்த அத்தாட்சி இல்லாமையின் விலை, இலங்கை சுதந்திரம் அடைந்த பிறகு தெரியவந்தது. 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. அடுத்த வருஷத்துச் சட்டம் அவர்களுக்கு ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்னால், விவாகமானவர் ஏழு ஆண்டும் விவாகமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததாக நிரூபிக்க வேண்டும்; நடுவில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தீவை விட்டுப் போயிருந்தால் வாசம் அறுந்ததாக அர்த்தம். எண்ணிப் பாருங்கள்: திருச்சியிலோ சேலத்திலோ உள்ள கிராமத்துக்கு அண்ணன் மகள் கல்யாணத்துக்காகவோ, தகப்பனாரின் கருமாதிக்காகவோ போனவர், எந்த மாதம் போய் எந்த மாதம் திரும்பினார் என்பதை, எந்தச் சாவடியிலும் எந்தக் காகிதத்திலும் எவரும் எழுதித் தராத ஒரு காலத்தைப் பற்றி, பத்து வருஷம் கழித்து ஓர் உத்தியோகஸ்தரின் மேஜைக்கு முன் நின்று நிரூபிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பதிவேடு துரையின் ஆபீஸில் இருந்தது. பிறப்புப் பதிவு கச்சேரியில் இருந்தது. அவரிடம் இருந்தது அவருடைய வாய்வார்த்தை ஒன்றே. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயரால் விண்ணப்பங்கள் போயின. ஒன்றரை லட்சம் பேருக்குக்கூட அந்தச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. மறுத்தவர்களின் உள்நோக்கம் அரசியல்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசியல் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளக் கருவியாகக் கிடைத்தது, கையில் இல்லாமற்போன தேதி.

1949 நவம்பர் 1-ஆம் தேதி இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்று முதல் அந்தக் குறுகிய கடலில் பாஸ்போர்ட்டும் விசாவும் முத்திரையும் வேண்டியவையாயின. முத்திரையில்லாமல் இரவில் தோணியேறி வந்தவரைக் கள்ளத்தோணி என்றார்கள். பிறகு அந்தப் பெயரை, தோணியில் ஒருநாளும் கால் வைத்திராத, தீவிலேயே பிறந்து தீவிலேயே வளர்ந்த மலைநாட்டு மக்கள்மீதும் வசையாக வீசினார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கென்றும் 3,00,000 பேரை இலங்கையின் பங்கென்றும் பிரித்து, மிச்சமிருந்த 1,50,000 பேரின் கதியைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டபடியால், தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல், இந்தியாவின் பங்கில் விழுந்தவர்களை இராமேசுவரத்தில் இறக்கியது. பாட்டன் பாட்டியர் எந்த மண்டபம் முகாம் வழியாகப் போனார்களோ, அந்த முகாமே பேரப் பிள்ளைகளையும் வரவேற்றது. அவர்கள் கையில் இப்போது புத்தம் புதிய இந்திய பாஸ்போர்ட் இருந்தது. அவர்களில் பலருக்கு, வாழ்நாளில் முதல் முதலாக ஒரு சர்க்கார் தேதி போட்டுக் கொடுத்த பயண முத்திரை, பிறந்த தேசத்தை விட்டு வெளியேறியதற்கான முத்திரையே.

ஆவணம் சர்க்காரிடம் பத்திரமாக இருக்கும்போது பிரஜைக்குப் பிரதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டனின் சமீப காலத்துச் சம்பவம் ஒன்றே போதிய பதில். 1948-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது முதல், 1973-இல் புதிய சட்டம் அமலுக்கு வரும் வரையில், அந்தத் தீவுகளிலிருந்தும் பிற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் சட்டப்படி வந்து குடியேறிய பல்லாயிரம் பேர் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்கள். பெற்றோரின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கப்பட்டுக் குழந்தைகளாக வந்தவர்களும் அவர்களில் அநேகர். அரை நூற்றாண்டு கழித்து, வேலைக்கும் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் காகிதம் கேட்கும் கடுமையான விதிகள் வந்தபோது, தாங்கள் வந்த தேதியை நிரூபிக்க முடியாமல் அவர்கள் திணறினார்கள். அந்தத் தேதியைத் தாங்கியிருந்த தஸ்தாவேஜு, கப்பலிலிருந்து இறங்கும்போது அவர்கள் நிரப்பிக் கொடுத்த சீட்டு. அந்தச் சீட்டுகள் பல ஆண்டுகள் உள்துறையின் கிடங்கில் இருந்தன. இடமாற்றத்தின்போது, 2010-இல், துறையே அவற்றை அழித்துவிட்டது. வேலை இழந்தவர்கள், சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள், காவலில் வைக்கப்பட்டவர்கள் ஒருபுறமிருக்க, எண்பதுக்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டே விட்டார்கள். விஷயம் அம்பலமாகி, 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ராஜினாமாச் செய்தார். அழித்தவர்கள் சதி செய்து அழித்தார்கள் என்று சொல்லுவதற்கில்லை; பழைய காகிதத்தை அப்புறப்படுத்துவது எந்த ஆபீஸிலும் நடக்கிற காரியம். அதனால்தான் அது அதிக பயத்தைத் தருகிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, ஐரோப்பிய எல்லைச் சட்டத்தில் உள்ள ஒரு விதி. பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை காணப்படாவிட்டால், அதை வைத்திருப்பவர் அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கியவர் என்று உத்தியோகஸ்தர் அனுமானித்துக்கொள்ளலாம். அப்படியல்ல என்று டிக்கெட்டு முதலியவற்றைக் காட்டி நிரூபிக்கும் பொறுப்பு பிரயாணியுடையது. குத்த வேண்டியவர் குத்த மறந்தாலும் சுமை குத்தப்படாதவர் தலையில்தான்! புதிய ஏற்பாட்டுக்காகச் சட்டத்தைத் திருத்தியவர்கள் இந்த அனுமானத்தை விட்டுவிடவில்லை. முத்திரை இல்லாவிட்டால் என்று இருந்த இடத்தில், பேரேட்டில் பதிவு இல்லாவிட்டால் என்று மாற்றியிருக்கிறார்கள். முன்பெல்லாம் சாவடியை விட்டு நகர்வதற்கு முன்பே பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, 'ஐயா, முத்திரை விழவில்லையே' என்று கேட்டு வாங்கிக்கொள்ளப் பிரயாணிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பேரேட்டைப் பிரித்துப் பார்க்க அவனால் ஆகாது. (தேசத் தலைவர்களுக்கும், அண்டோரா, மொனாக்கோ, சான் மரீனோ ஆகிய மூன்று குட்டி ராஜ்யங்களின் பிரஜைகளுக்கும் முத்திரை குத்துவதில்லை என்று பழைய சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது என்பது, இந்த வறண்ட சாஸ்திரத்தில் படித்து ரசிப்பதற்குக் கிடைக்கும் அபூர்வமான வரிகளில் ஒன்று.)

வெளியேறும் முத்திரையின் அருமை வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு வந்தவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் பழக்கமானது. நாட்டை விட்டுப் போகவும் அனுமதி வேண்டும், அந்த அனுமதியும் முதலாளியின் சம்மதத்தின் பேரில்தான் கிடைக்கும் என்ற ஏற்பாடு சௌதி அரேபியாவிலும் கத்தாரிலும் நெடுங்காலம் இருந்தது. கத்தார் 2018 முதல் படிப்படியாக அதைத் தளர்த்தியது. சௌதி அரேபியா 2021 மார்ச்சில் தனியார் துறைத் தொழிலாளர் பலருக்குத் தளர்த்தியது. 'எக்ஸிட் அடிச்சாச்சு' என்று ஊருக்குப் போனில் சொல்லுகிறவரின் குரலில் விடுதலையும் வேலை போன கவலையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை மறுமுனையில் கேட்கும் மனைவிதான் அறிவாள்.

முத்திரை விஷயத்தில் ராஜ்யங்கள் ஒன்றுக்கொன்று காட்டும் ரோஷமும் சுவாரசியமானது. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மலேசிய ரயில்வேக்குச் சொந்தமான நிலத்தில் இருந்தது. 1998 ஆகஸ்டு 1-ஆம் தேதி சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை எல்லைக்கு அருகே உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவோ, நிலையம் எங்களுடையது என்று சொல்லிப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. விளைவு என்னவென்றால், வடக்கே போகும் ரயிலில் ஏறுபவர், சிங்கப்பூரின் நடு நகரத்தில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', பிறகு சிங்கப்பூரின் ஊடே பிரயாணம் செய்து, உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறினார்'. ஒரு நாட்டை விட்டுப் போகும் முன்பே அடுத்த நாட்டுக்குள் போய்விட்ட இந்தத் தர்க்க விரோதத்தைப் பதிவு செய்வதில் சங்கடம் இருந்தபடியால், அந்நியப் பிரயாணிகளின் பாஸ்போர்ட்டில் மலேசிய உத்தியோகஸ்தர்கள் முத்திரை குத்தாமல், அவர்கள் கையிலிருந்த படிவத்தில் மாத்திரம் குத்தினார்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதி ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு போகும் வரையில், பதின்மூன்று வருஷத்துக்கு அருகில் இந்த வேடிக்கை நீடித்தது. அங்கேயே, ஜொகூர் பாலத்தில், விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பும் மலேசியத் தமிழர்களுக்கு இன்று முத்திரை நினைவிலேயே இல்லை. 2024 மார்ச் முதல் சிங்கப்பூர்ச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டாமல் கைப்பேசியில் கியூஆர் குறியைக் காட்டியே கடந்துவிடலாம்.

இஸ்ரேலிய முத்திரை இருந்தால் சில அரபு நாடுகளில் நுழைய முடியாது என்பதற்காக, இஸ்ரேல் பல ஆண்டுகளாகத் தனிச் சீட்டையே கொடுத்து வருகிறது. சைப்ரஸின் வட பகுதியிலும் தனிக் காகிதத்தில் முத்திரை குத்துவது நெடுங்காலப் பழக்கம். சீனா 2012-இல் தன் புதிய பாஸ்போர்ட்டுகளில் அருணாசலப் பிரதேசத்தையும் அக்ஸாய் சின்னையும் தென்சீனக் கடலையும் தன்னுடையவையாகக் காட்டும் வரைபடத்தை அச்சிட்டபோது, அந்தப் பக்கத்தில் முத்திரை குத்தினால் வரைபடத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று அஞ்சி வியட்நாம் தனித்தாளில் முத்திரையிட்டது. இந்தியாவோ, சீனர்களுக்குக் கொடுத்த விசாவில் தன் வரைபடத்தை அச்சிட்டுப் பதில் மரியாதை செய்தது. 2023-இல் வுஷு என்னும் சீனத் தற்காப்புக் கலையில் போட்டியிடவிருந்த அருணாசல வீரர்கள் மூவருக்குச் சீனா விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டாமல் தனித்தாளில் எழுதிப் பின் குத்திக் கொடுத்தபோது, வுஷு அணி முழுவதையும் இந்தியா நிறுத்திக்கொண்டது. இவ்வளவு பெரிய ராஜ்யங்கள் இவ்வளவு சிறிய மைத் தடத்துக்காக மல்லுக்கு நிற்பதிலிருந்தே, அதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை என்பது விளங்கும்.

நம் ஊரிலும் அந்தத் தடத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக வருமான வரி ஆபீஸில். ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் இருந்தவர் உள்நாட்டுவாசி ஆகிவிடுகிறார். அயல்நாட்டு உத்தியோகத்துக்குப் போனவருக்கு, அந்த எல்லைக்கு ஒரு நாள் இப்புறமா அப்புறமா என்பதைப் பொறுத்து, வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு வரி உண்டா இல்லையா என்பதே தீர்மானமாகிறது. வந்த நாளைச் சேர்த்து எண்ணுவதா, தள்ளி எண்ணுவதா என்று தீர்ப்பாயங்களில் வக்கீல்கள் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதங்களுக்கெல்லாம் மூலாதாரமாக மேஜைமீது வைக்கப்பட்டது பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்களிடம் ஆடிட்டர்கள் முதலில் கேட்பது, எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பும்படிதான். சம்பளச் சீட்டைத் தொலைத்தவர்கள்கூட அந்தப் பக்கங்களை வைத்து வழக்கை நடத்தியிருக்கிறார்கள்.

இப்போது சென்னை விமான நிலையத்தில் 2025 ஜனவரி முதலும், திருச்சியில் அதே ஆண்டு செப்டம்பர் முதலும், முன்பதிவு செய்துகொண்ட இந்தியப் பிரஜைகளுக்காக இயந்திரக் கதவுகள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நெடிய வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் அதை வரவேற்பதில் வியப்பில்லை. நள்ளிரவு விமானத்தில் கைக்குழந்தையோடு வந்து இறங்குகிறவர்களுக்கு அது பெரிய உபகாரமே. ஆனால் இத்தகைய கதவுகள் உலகெங்கும் பெருகப் பெருக, ஆடிட்டர் கேட்கும் அந்தப் பக்கம் வெறுமையாகிக்கொண்டே போகும். விமானம் ஏறும் அட்டையைப் பத்திரப்படுத்தி வைக்காதவர், தாம் எங்கே இருந்தார் என்பதைத் தம்மை விசாரிக்கும் சர்க்காரிடமே விண்ணப்பித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிவரும்.

இதற்கு மாற்று ஒன்றும் அசாத்தியமானதல்ல. ஹாங்காங் 2013 மார்ச்சில் விருந்தினரின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதை நிறுத்தியபோது, அதற்குப் பதிலாக, பெயரும் வந்த தேதியும் எந்த நாள் வரை தங்கலாம் என்பதும் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தது. மக்காவ் நகரமும் அந்த வருஷமே அந்த வழியைப் பின்பற்றியது. அமெரிக்கா அதே 2013-இல், விமானத்திலும் கப்பலிலும் வருகிறவர்கள் வைத்திருந்த காகிதப் படிவத்தை ஒழித்துவிட்டு, பதிவை இணையத்தில் தாமே பார்த்து அச்சிட்டுக்கொள்ளும்படி வழி செய்தது. ஐரோப்பாவின் புதிய சட்டத்திலும் தன் பதிவின் பிரதியைக் கேட்கவும், பிழையிருந்தால் திருத்தக் கோரவும் பிரயாணிக்கு உரிமை எழுதப்பட்டிருக்கிறது. எந்த நாட்டின் எந்த ஆபீஸுக்கு, எந்த பாஷையில் எழுதுவது என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் மட்டும் அவனுக்கு இருந்தாக வேண்டும். விரலையும் முகத்தையும் வாங்கிக்கொள்ளும் இயந்திரக் கதவின் ஓரத்தில், பெட்ரோல் பங்க்கிலும் பஸ் கண்டக்டர் கையிலும் இருப்பது போன்ற ஓர் அச்சுப்பொறியை வைத்து, தேதியும் இடமும் போட்ட ஒரு சீட்டை வேண்டுவோருக்குக் கொடுப்பதற்கு, அந்தக் கதவின் விலையில் நூற்றில் எத்தனை பங்கு செலவாகிவிடும் என்பதை டெல்லியிலோ பிரஸ்ஸல்ஸிலோ யாரேனும் கணக்குப் பார்த்துச் சொல்லலாம்.